உளியும் முழவும்: இஸுமி கியோகாவின் அந்தி உலகம்

ஜப்பானிய மொழியில் அந்திப்பொழுதைக் குறிக்கும் 'தசொகாரே' என்னும் பழஞ்சொல்லுக்கு வேர்ப்பொருள் 'யார் அவர்' என்பதாகும். எதிரே வருபவரின் உருவம் தெரிந்தும் முகம் தெரியாத அளவுக்கு ஒளி குன்றிவிட்ட நேரத்தில் வாயிலிருந்து தானாக எழும் கேள்வியே அந்த நேரத்தின் பெயராக நிலைத்துவிட்டது. 1908ஆம் ஆண்டில் எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் நாவலாசிரியர் இஸுமி கியோகா இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, அந்தி என்பது பகலின் கடைசியும் இரவின் தொடக்கமும் கலந்த கலவையன்று, அது தனக்கென நிறமும் சுவையும் கொண்ட வேறோர் உலகம் என்று வாதிட்டார். உலகத்தைப் பகல், இரவு என்றும் நன்மை, தீமை என்றும் இரண்டாகவே பிரித்துப் பழகியவர்கள் இடையிலுள்ள நுட்பமான ஒன்றைக் காணத் தவறுகிறார்கள் என்பதும், அந்த இடைநிலையை எழுதிக் காட்டுவதே தம் விருப்பம் என்பதும் அவர் சொன்னவற்றின் சாரம். 1892 முதல் 1939 வரை ஏறத்தாழ 300 படைப்புகளை எழுதிய அவரைப் பேய்க்கதை, மாயக்கதை எழுத்தாளர் என்று இலக்கிய வரலாறு வகைப்படுத்துகிறது. ஆயினும் அவருடைய அந்தி உலகம் வெறும் கற்பனையில் முளைத்ததன்று. ஓர் ஊரின் கைத்தொழில்கள் ஒரே தலைமுறைக்குள் ஆதரவிழந்து, இருந்தும் இல்லாதவை போல் ஆகிவிட்ட வரலாற்றிலிருந்தே அது பிறந்தது என்பதை அவருடைய வாழ்க்கையைத் தொடர்ந்து பார்ப்பவர் உணரலாம்.

அந்த ஊர், ஜப்பான் கடலோரப் பகுதியைச் சேர்ந்த கனஸாவா. மாஎதா குடும்பத்தினர் ஆண்ட காகா சிற்றரசுக்கு அது தலைநகரமாக இருந்தது. அக்காலத்தில் ஒரு சிற்றரசின் வளத்தைக் 'கொகு' என்ற அளவால் மதிப்பிட்டனர். ஒரு கொகு என்பது ஓர் ஆள் ஓராண்டு உண்ணப் போதுமான அரிசியைக் குறிக்கும். பத்து லட்சம் கொகுவுக்கு மேல் மதிப்பிடப்பட்ட காகா, ஷோகன் எனப்பட்ட படைத்தலைமை ஆட்சியாளர்களான தொக்குகாவா மரபினரின் கீழிருந்த சிற்றரசுகளில் எல்லாம் பெரியது. இவ்வளவு செல்வத்தைப் படைபலத்தில் செலவிட்டால் ஷோகனின் ஐயத்துக்கு ஆளாக நேரும் என்பதால், மாஎதா மரபினர் அதைக் கலைகளிலும் கைவினைகளிலும் கொட்டினர். தங்கத்தகடு அடிப்போர், அரக்குப் பூச்சு வேலை செய்வோர், வாளின் கைப்பிடிக்கும் உறைக்கும் உலோக அணி செதுக்குவோர், 'நோ' எனப்படும் முகமூடி நாடகத்தின் நடிகர், அந்நாடகத்துக்கு முழவு வாசிப்போர் என்று பலவகைக் கலைஞர்கள் அரண்மனை ஊதியத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1868இல் ஷோகன் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு அமைந்தது. 1871இல் சிற்றரசுகள் ஒழிக்கப்பட்டன. 1876இல் பொது இடங்களில் வாள் அணிவது தடைசெய்யப்பட்டது. இந்த மூன்று மாற்றங்களுக்கு இடைப்பட்ட எட்டே ஆண்டுகளில் வாளணி செதுக்குபவருக்கு வாளும் இல்லாமற்போயிற்று, நோ நடிகருக்குப் புரவலரும் இல்லாமற்போயிற்று. முகமூடிகளையும் பட்டாடைகளையும் விற்றுச் சோறுண்ட நடிகர்கள் அந்நாளில் ஜப்பான் எங்கும் இருந்தனர்.

இந்தச் சரிவின் நடுவே, 1873 நவம்பர் 4 அன்று, கனஸாவாவின் ஷிமோஷின்மச்சி தெருவில் பின்னாளில் கியோகா என்று அறியப்பட்ட இஸுமி கியோதாரோ பிறந்தார். தந்தை செய்ஜி, காகா மரபில் வந்த உலோகச் செதுக்கு வேலைக்காரர். தாய் ஸுஸு எடோவில், அதாவது பின்னாளில் டோக்கியோ என்று பெயர் மாறிய நகரில், பிறந்தவர்; காகா அரசின் ஊதியம் பெற்ற நோ முழவுக் கலைஞர் ஒருவரின் மகள். தாயின் உடன்பிறந்தவரான மத்ஸுமொதோ கின்தாரோ ஹோஷோ மரபைச் சேர்ந்த நோ நடிகர். இவ்வாறு ஒரு பக்கம் உளியும் மறுபக்கம் முழவுமாக, இரண்டு அரண்மனைத் தொழில்கள் அந்தச் சிறுவனிடம் வந்து சேர்ந்தன. அவன் வளர்ந்த வீட்டுக்கு அருகிலுள்ள ஆலயத்தின் பின்புறமிருந்து ஆஸானோ ஆற்றங்கரையிலுள்ள கேளிக்கைத் தெருவுக்கு இறங்கும் படிக்கட்டுச் சரிவுக்கு இருட்டுச் சரிவு என்று பொருள்படும் 'குராகாரி-ஸாகா' என்பது பெயர். பகலிலும் வெயில் விழாத அந்தப் படிகளில் சில எட்டுகள் இறங்கினால் ஷாமிசென் யாழின் ஒலியும் ஆற்றின் ஒளியும் ஒருசேர எதிர்ப்படும். அவருடைய கதைகளில் ஒரு சாதாரணத் தெரு சட்டென வேறு உலகுக்குத் திறப்பது இத்தகைய நிலவமைப்பிலிருந்து வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

தாய் எடோவிலிருந்து கொண்டுவந்தவற்றுள் 'குஸாஸோஷி' எனப்படும் படக்கதை நூல்களும் இருந்தன. பக்கம் முழுதும் படம் நிறைந்து, எஞ்சிய இடத்தில் எழுத்துகள் கொடிபோல் படர்ந்திருக்கும் மலிவுப் பதிப்புகள் அவை. எழுத்தறியாப் பருவத்தில் சிறுவன் படங்களைச் சுட்டிக்காட்டிக் கேட்கத் தாய் கதை சொன்னார். 1882 டிசம்பரில், நான்காவது குழந்தையைப் பெற்ற சில நாளில், முப்பது வயதைத் தொடாமலே அந்தத் தாய் இறந்தார். ஒன்பது வயது மகனின் மனத்தில் அவர் ஒருபோதும் முதுமையடையாதவராக நின்றுவிட்டார். கியோகாவின் எழுத்தில் மீண்டும் மீண்டும் வரும் பெண் (அழகி, வயதில் மூத்தவள், ஆபத்தில் காப்பவள், பாதி மனிதப் பிறவி, பாதி வேறொன்று) இந்த இழப்பின் வடிவம் என்று ஆய்வாளர் பலரும் கருதுவர். 1884இல் தந்தை அவரைக் கனஸாவாவுக்கு அருகிலுள்ள மத்தோ என்ற ஊரின் கோயிலுக்கு அழைத்துச்சென்றபோது அங்கே மாயாதேவியின் திருவுருவத்தைக் கண்டார். புத்தரைப் பெற்ற ஏழாம் நாளில் இறந்ததாகப் பௌத்த மரபு கூறும் அந்தத் தாயை அவர் தம் வாழ்நாள் முழுவதும் வழிபட்டார். கபிலவஸ்துவின் அரசி ஒருத்தி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், ஜப்பான் கடலோரத்துச் சிறுவன் ஒருவனின் இறந்த தாய்க்கு முகம் கொடுத்தாள் என்பது சமய வரலாற்றின் வியத்தகு பயணங்களுள் ஒன்று.

அவர் வளர்ந்த காலத்தில் பேய்களும் தொழிலிழந்துகொண்டிருந்தன. ரயிலும் தந்தியும் கட்டாயக் கல்வியும் கொண்டுவந்த மெய்ஜி அரசின் அறிவொளிக் கொள்கைக்கு நரி மனிதர் உடலில் புகுந்து ஆட்டுதல், ஆவி வருதல் போன்ற நம்பிக்கைகள் நாட்டுக்கு நேர்ந்த நோயாகத் தோன்றின. பின்னாளில் தோயோ பல்கலைக்கழகமாக வளர்ந்த கல்விக்கூடத்தை 1887இல் நிறுவிய தத்துவ அறிஞர் இனோஉயே என்ரியோ, நாடெங்கும் சுற்றி மாயத்தோற்றங்களைச் சேகரித்து, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இயற்கைக் காரணமோ மனமயக்கமோ கூறி விளக்கினார். மக்கள் அவரைப் 'பேய் முனைவர்' என்றே அழைத்தனர். அதே காலத்தின் புகழ்பெற்ற கதைசொல்லி ஸன்யூதேய் என்ச்சோ, தம் பேய்க்கதை ஒன்றின் தலைப்பில் 'ஷின்கெய்' என்ற சொல்லை வைத்தார். 'மெய்க்காட்சி' என்று எழுதப்பட்ட அச்சொல்லைக் காதால் கேட்டால் 'நரம்பு' என்றும் பொருள்படும். பேய் என்பதெல்லாம் நரம்புத் தளர்ச்சியே என்று கற்றோர் சொல்லத் தொடங்கிவிட்ட காலத்தில் பேய்க்கதை சொல்பவரின் நிலை அந்த ஒரு சிலேடையில் அடங்கியிருக்கிறது.

கனஸாவாவிலிருந்த கிறித்தவ மிஷன் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்ற கியோதாரோ, 1889இல் ஓஸாகி கோயோ எழுதிய காதல் துறவியர் கதை ஒன்றைப் படித்து எழுத்தாளராவதென உறுதிகொண்டார். கோயோ அவரைவிட ஆறு வயதுக்கும் குறைவாகவே மூத்தவர் என்றாலும், கென்யூஷா என்ற இலக்கியக் குழுவின் தலைவராக அன்றைய கதையுலகை ஆண்டவர். 1890இல் டோக்கியோ சென்ற கியோதாரோ, அவர் வீட்டுக் கதவைத் தட்டத் துணிவின்றி ஏறத்தாழ ஓராண்டு அறை மாறி அறை மாறி அலைந்தபின், 1891 அக்டோபரில்தான் நேரில் கண்டார். மறுநாள் முதலே வீட்டோடு தங்கும் சீடரானார். வாயிலில் காவலிருத்தல், முற்றம் பெருக்குதல், வந்தவரின் செருப்பை ஒழுங்குசெய்தல், ஆசிரியரின் கையெழுத்துப்படியைப் பத்திரிகைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவை முடிந்தபின் எழுதிக் காட்டி, சிவப்பு மைத் திருத்தத்தோடு திரும்பப் பெறுதல் என்னும் இந்த வாழ்க்கை, தந்தையின் பட்டறையில் ஒரு சிற்றாள் வாழ்ந்திருக்கக்கூடிய வாழ்க்கையிலிருந்து அதிகம் வேறுபட்டதன்று. எழுத்து தனிமனித மேதைமையின் வெளிப்பாடு என்ற மேற்கத்திய எண்ணம் ஜப்பானில் வேர்பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், கியோகா அதைக் குருவிடம் கையைப் பழக்கிக் கற்கும் தொழிலாகவே பெற்றார். புனைபெயரும் குரு தந்ததே: கண்ணாடியில் தெரியும் பூ, நீரில் தெரியும் நிலவு என்று, காண முடிந்தும் கைக்கு எட்டாதவற்றைக் குறிக்கும் தொடரின் முதற்பாதியே 'கியோகா'.

முதல் தொடர்கதை 1892இல் கியோத்தோ நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது; வாசகர்கள் விரும்பவில்லை; நிறுத்தும்படி இதழ் கேட்டபோது கோயோ தலையிட்டுத் தொடரச்செய்தார். 1894 ஜனவரியில் தந்தை இறந்தார். பாட்டியையும் தம்பியையும் காக்க வழியின்றிக் கனஸாவாவில் நின்ற இருபது வயது இளைஞர், ஓரிரவு கோட்டை அகழியின் கரையில் உயிரைவிடும் எண்ணத்தோடு நின்றார். இன்று சாலையாகிவிட்ட அந்த அகழியின் கறுத்த நீர் அவருடைய கதைகளில் பலமுறை வரும். அவ்வேளையில் கோயோ கடிந்தும் தேற்றியும் எழுதிய கடிதமும், டோக்கியோவுக்கே திரும்பிச் செல் என்ற பாட்டியின் சொல்லும் அவரை மீட்டன.

அந்த ஆண்டின் இறுதியில் யொமியுரி நாளிதழில் வந்த 'கிகெத்ஸு கியோகெத்ஸு' என்ற கதை, கோயோவின் கைபட்ட திருத்தங்களோடு இன்றும் கையெழுத்துப்படியாக எஞ்சியிருக்கிறது. நீர்த்தாரைகளை விசிறி நுனியிலும் வாள் முனையிலும் பீறிடச்செய்யும் வித்தைக்காரி ஒருத்தி, ஏழை மாணவன் ஒருவனைச் சட்டம் படிக்கவைக்கிறாள். அவனுக்கு அனுப்ப வேண்டிய பணம் பறிபோன நெருக்கடியில் கொலை செய்கிறாள். அரசுத்தரப்பு வழக்கறிஞராக உயர்ந்துவிட்ட அவனே அவளுக்கு மரண தண்டனை கேட்க நேர்கிறது. கவாகாமி ஒதோஜிரோவின் புதுவகை நாடகக் குழு 1895இல் இதை 'தாகி நோ ஷிராஇதோ' என்ற பெயரில் மேடையேற்றியது. திரைப்பட இயக்குநர் மிஸோகுச்சி கென்ஜி 1933இல் மௌனப்படமாக எடுத்தார். 1895 ஜூனில் வெளிவந்த 'அறுவை அறை' இன்னும் கூர்மையானது. மயக்க மருந்து கொடுத்தால் தன் நெஞ்சிலுள்ள ஒரு பெயர் வாயிலிருந்து நழுவிவிடும் என்று அஞ்சும் கோமகள், மருந்தின்றியே மார்பை அறுக்கச் சொல்கிறாள். கத்தியைப் பிடித்திருப்பவனோ, ஒன்பது ஆண்டுகளுக்குமுன் ஒரு பூங்காவில் ஒருமுறை மட்டும் எதிர்ப்பட்ட அந்தப் பெயருக்குரியவன். இவற்றில் பேய் எதுவும் இல்லை. ஆனால் நீதிமன்றம், மருத்துவமனை என்ற மெய்ஜிக் காலத்தின் ஒளிமிக்க இரண்டு அறைகளையும் அவர் அச்சத்தின் இடங்களாக மாற்றிவிட்டார். சட்டமும் சமூகமும் மனிதர்க்கு இழைக்கும் கொடுமையோடு ஒப்பிட்டால் பேய்கள் நேர்மையானவை என்ற அவருடைய பிற்கால நிலைப்பாட்டுக்கு விதை இங்கேயே கிடக்கிறது.

அந்தக் கொடுமை அவர் வாழ்விலும் நேர்ந்தது. இழைத்தவர் அவர் தெய்வமாக மதித்த குருவே. 1899இல் காகுராஸாகா பகுதியில் அறிமுகமான இதோ ஸுஸு என்ற கெய்ஷா, அதாவது ஆடல்பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் தொழிலைச் சேர்ந்த பெண், அவருடைய தாயின் பெயரையே கொண்டிருந்தார். 1903இல் இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதை அறிந்த கோயோ, நோய்ப்படுக்கையில் இருந்தபடியே சீடரைக் கடுமையாக வைது பிரியச்செய்தார். அவ்வாண்டு அக்டோபரில், முப்பத்தைந்து வயதில், கோயோ மறைந்தார். அதன்பின் ஸுஸு திரும்பிவந்தார். கியோகாவின் இறுதிவரை அவரே துணை. குருவின் சொல்லுக்குப் பணிந்து பிரிந்து, அவர் மறைவுக்குப் பின்னரே மீண்டும் சேர்ந்த இந்த இருவரின் கதையைக் கியோகா 1907இல் 'ஒன்னா கெய்ஸு' என்ற நாவலில் உருமாற்றி எழுதினார். அதன் பின்னும் அவர் தினமும் கோயோவின் நிழற்படத்தை வணங்கினார் என்பது, நன்றியும் காயமும் ஒரே நெஞ்சில் அருகருகே இருக்க முடியும் என்பதற்குச் சான்று.

1900 பிப்ரவரியில் 'ஷின்ஷோஸெத்ஸு' இதழில் 'கோயா ஹிஜிரி' வெளிவந்தபோது கியோகாவுக்கு வயது இருபத்தாறு. தலைப்புக்குக் கோயா மலைத் துறவி என்பது பொருள். பனி பெய்யும் இரவில் த்ஸுருகா நகர விடுதியில் ஒரு துறவி, உடன் படுத்திருக்கும் வழிப்போக்கனுக்குத் தம் இளமையில் ஹிதா மலைகளைக் கடந்தபோது நேர்ந்ததைச் சொல்கிறார். ராணுவத்தின் நில அளவைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நடக்கிறார். படத்தில் உள்ள பாதையில் முன்னே போனவன் தொயாமாவைச் சேர்ந்த மருந்து வியாபாரி. வீடு வீடாக மருந்துப்பெட்டியை வைத்துவிட்டு அடுத்த ஆண்டு வந்து, தீர்ந்த மருந்துக்கு மட்டும் காசு வாங்கிச் செல்லும் தொயாமா வியாபாரிகள் ஜப்பானிய ஊர்ப்புறங்களுக்கு மிகப் பழகிய உருவங்கள். அவன் பழைய பாதையில் திரும்பிவிட்டான் என்று அறிந்து, எச்சரிக்கத் துறவியும் அதிலே செல்கிறார். பாதையின் குறுக்கே தலையும் வாலும் தெரியாதபடி பாம்பு கிடக்கிறது. அடர்ந்த காட்டில் நுழைந்ததும் கழுத்தில், கையில், தொப்பி விளிம்பில் ஏதோ சொட்டுகிறது. தொட்டுப் பார்த்தால் அட்டை. பிய்த்தெறிந்தால் அடுத்தது விழுகிறது. அண்ணாந்து பார்த்தால் கிளைகள் அனைத்தும் அட்டைகளாகவே இருக்கின்றன. உலகம் அழியும்போது தீயோ வெள்ளமோ வராது, இந்தக் காட்டின் அட்டைகள் குடித்த குருதியெல்லாம் வழிந்து நிலம் சேறாகிவிடும் என்று அவருக்குத் தோன்றுகிறது.

காட்டைக் கடந்ததும் தனி வீடு, அதில் ஓர் அழகி. ஓடைக்கு அழைத்துச்சென்று அவள் துறவியின் முதுகைத் தன் கையால் கழுவுகிறாள். அட்டை கடித்த தினவெல்லாம் அடங்குகிறது. தவளையும் வௌவாலும் குரங்கும் அவளைச் சூழ்ந்து கெஞ்சுவதும், சந்தைக்கு ஓட்டப்படும் குதிரை துறவியைக் கண்டு நகர மறுப்பதும் ஏனென்று மறுநாள்தான் தெரிகிறது. இச்சையோடு அவளை அணுகிய ஆண்கள் அனைவரையும் அந்தக் கையும் அந்த நீரும் விலங்குகளாக்கிவிடுகின்றன; அந்தக் குதிரைதான் மருந்து வியாபாரி; அவனை விற்ற காசில் வேலைக்காரக் கிழவன் கெண்டைமீன் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். பயணிகளைக் கழுதையாக்கும் விடுதிக்காரி பற்றிய தாங் காலச் சீனக் கதையோடு இதை ஒப்பிடுவது வழக்கம். ஆனால் கியோகா சேர்த்த ஒன்று அந்தக் கதையில் இல்லாதது: அவள் ஒரு மருத்துவரின் மகள்; அவள் கை பட்டால் நோயாளிகளின் வலி குறைந்த காலம் ஒன்று இருந்தது; வெள்ளத்தில் ஊர் அழிந்தபின் மலையிலே எஞ்சினாள். குணப்படுத்தும் கையும் உருமாற்றும் கையும் ஒன்றே. இந்த இரண்டுங்கெட்ட நிலைதான் அவர் சொன்ன அந்தி. அதனால்தான் அட்டைக்காட்டின் அருவருப்பைவிட, முதுகில் ஊற்றிய நீரின் இதம் வாசகரை அதிகம் அச்சுறுத்துகிறது.

'கோயா ஹிஜிரி' தந்த புகழ் நீடிக்கவில்லை. 1906இல் ஷிமாஸாகி தோஸொனின் 'ஹகாய்', 1907இல் தயாமா கதாயின் 'ஃபுதொன்' ஆகிய புனைகதைகள் வந்தபின், உள்ளதை உள்ளபடி, முக்கியமாகத் தன்னைப்பற்றிய உண்மையை மறைக்காமல் எழுதுவதே இலக்கியம் என்ற இயற்கைவாதம் இதழ்களைக் கைப்பற்றிற்று. கோயோவின் சீடர், அதிலும் பேய் எழுதுபவர், காலாவதியானவராகக் கருதப்பட்டார். உடல்நலம் கெட்டு 1905 முதல் 1909 வரை ஸுஷி கடற்கரையில் வாழ்ந்த கியோகா, கஞ்சியும் உருளைக்கிழங்குமே உணவாக நாள் கழித்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். இயற்கைவாதிகளின் வற்புறுத்தலால் ஜப்பானிய உரைநடை அடைந்த நேர்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் தன்னைத் தவிர வேறெதையும் அஞ்சத் தெரியாத ஓர் இலக்கியமாக அது சுருங்கியதும் உண்மை. அந்த நாட்களில் கியோகா விட்டுக்கொடுக்காமல் நின்றது பிற்காலத்துக்குப் பேருதவியாயிற்று.

நின்றவர் தனியாக நிற்கவில்லை. ஷோகன்கள் ஆண்ட எடோக் காலத்தில் 'நூறு கதைகள்' என்ற வழக்கம் ஒன்று இருந்தது. நீலத்தாள் ஒட்டிய விளக்கில் நூறு திரிகளை ஏற்றி, கூடியிருப்போர் ஒவ்வொருவராகப் பேய்க்கதை சொல்லி, கதைக்கொரு திரியை அணைப்பார்கள். அறை சிறிது சிறிதாக நீல இருளில் ஆழும். நூறாவது திரியும் அணைந்தால் மெய்யாகவே ஏதோ ஒன்று வந்துவிடும் என்பதால் தொண்ணூற்றொன்பதோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. 1666இல் அஸாய் ரியோஇ வெளியிட்ட 'ஒதொகிபோகோ' என்ற தொகுப்பின் இறுதியிலேயே இதன் முறை விவரிக்கப்பட்டுள்ளது. மெய்ஜிக் காலத்தின் பிற்பகுதியில் ஓவியர், நடிகர், எழுத்தாளர் ஆகியோர் மீண்டும் நடத்திய கதைக்கூட்டங்களில் கியோகா நடுநாயகமாக இருந்தார். அத்தகைய கதைகளின் தொகுப்பான 'கைதான்காய்' 1909இல் அவருடைய முன்னுரையோடு வெளிவந்தது. இளமைக்கால நண்பரும் அரசு அலுவலருமான யனாகிதா குனியோ, தோனோ என்ற வடகிழக்கு மலையூரின் கதைகளை 1910இல் 350 படிகள் மட்டும் அச்சிட்டு வெளியிட்டபோது, அதை உவந்து எழுதியவர்களுள் கியோகா முன்நின்றார். பின்னர் ஜப்பானிய நாட்டுப்புறவியலின் அடித்தள நூலாக ஏற்கப்பட்ட அந்நூலுக்குக் கதைகளைச் சொன்ன இளைஞர் ஸஸாகி கிஸென், கியோகாவின்மேல் கொண்ட பற்றால் 'கியோ' என்ற அதே எழுத்தைத் தம் புனைபெயரில் சேர்த்துக்கொண்டவர்.

கியோகா பேயை நம்பினாரா என்ற கேள்விக்கு அவரே விடையளித்துள்ளார். உலகில் இரண்டு மேலாற்றல்கள் உள்ளன, ஒன்று கருணைத் தெய்வமான கன்னோனின் ஆற்றல், மற்றது கொடுந்தெய்வங்களின் ஆற்றல், இவற்றின்முன் மனிதர் வலுவற்றவர் என்பது அவர் கொள்கை. அச்சத்தை அவர் எழுதியது மட்டுமன்றி வாழவும் செய்தார். இடி, நாய், கிருமி ஆகிய மூன்றும் அவரை ஆட்டிப்படைத்தன. அரிசி மதுவைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியே குடித்தார். இனிப்பு ரொட்டியை எல்லாப் பக்கமும் சுட்டு, விரல் பிடித்த துண்டை மட்டும் தின்னாமல் எறிந்தார். பாயில் கையூன்றி வணங்கும்போது உள்ளங்கை படாமலிருக்கப் புறங்கையை ஊன்றினார். அவர் புகைக்குழாயின் வாய்ப்பகுதிக்கு ஸுஸு வண்ணத்தாளில் சிறு மூடிகள் செய்து தந்தார். 'தோஃபு' எனப்படும் சோயாக்கட்டியின் பெயரில் இரண்டாவதாக வரும் சீன எழுத்துக்கு 'அழுகல்' என்று பொருள் இருப்பதால், ஒலி ஒத்த வேறோர் எழுத்தைக்கொண்டே அதை எழுதினார். இதை விந்தைப் பழக்கம் என்று சிரித்துக் கடப்பவர் முக்கியமானதைத் தவறவிடுவார். எழுத்து ஒரு பொருளைச் சுட்டும் குறி மட்டுமன்று, அந்தப் பொருளின் உயிரில் ஒரு பங்கு அதில் குடியிருக்கிறது என்று நம்பியவர் அவர். பேச்சினிடையே யாரேனும் விரலால் காற்றில் ஓர் எழுத்தை எழுதிக்காட்டினால், அதை அழித்துவிடும்படி வற்புறுத்துவார். அது அங்கேயே கிடந்து மிதிபடக் கூடாது.

இந்த நம்பிக்கை அவர் நடையின் இயக்கத்தையே அமைத்தது. ஜப்பானிய அச்சில் சீன எழுத்துகளின் ஓரத்தில் அவற்றின் ஒலியைக் காட்டச் சிறிய அசையெழுத்துகள் இடப்படுவதுண்டு. அவற்றுக்கு 'ஃபுரிகானா' என்று பெயர். பிறர் இதை வாசகர் வசதிக்காகப் பயன்படுத்த, கியோகா சீன எழுத்தில் ஒரு பொருளையும் ஓரத்து அசையில் வேறொரு பேச்சுச்சொல்லையும் வைத்து, கண் ஒன்றைக் காணும்போதே காது மற்றொன்றைக் கேட்கும்படி செய்தார். ஒரு சொல்லுக்குள் இரண்டு சொற்கள் நிழலும் உருவுமாக நிற்கும் இந்த உத்தி, உலோகத்தின்மேல் வேற்று உலோகத்தைப் பதித்துச் செதுக்கும் தந்தையின் வேலைக்கு மிக அருகில் வருகிறது. மொழிபெயர்ப்பில் முதலில் இழக்கப்படுவதும் இதுவே. உலக வாசகரிடையே அவர் பெயர் தாமதமாகப் பரவியதற்கு அது ஒரு காரணம்.

முழவின் பங்கை 1910 ஜனவரியில் வந்த 'உதா அந்தொன்' காட்டுகிறது. செருக்குற்ற இளம் நோ கலைஞன் ஒருவன், தன் கலையைப் பெரிதெனப் பேசும் பார்வையற்ற உடம்புபிடிப்பவர் ஒருவரை இசையால் இழிவுபடுத்த, அவர் தூக்கிட்டுக்கொள்கிறார். குருவால் விலக்கப்பட்ட இளைஞன் தெருப்பாடகனாக அலைகிறான். இறந்தவரின் மகள், வேறெந்தக் கலையும் கைவராதவள், குவானா நகர விடுதியில் இரண்டு முதியவர்முன் தனக்குத் தெரிந்த ஒரே நடனத்தை ஆடுகிறாள். அவள் கை உயர்ந்த முதல் அசைவிலேயே அது யார் கற்றுத்தந்தது என்று அம்முதியவர்களுக்குப் புலப்படுகிறது. ஒருவர் பாடத்தொடங்க, மற்றவர் மூட்டையை அவிழ்த்து முழவை எடுக்கிறார். தெருவில் நிற்கும் இளைஞன் அந்த முழவோசையைக் கேட்டு வாயிற்புறமிருந்தே குரல் சேர்க்கிறான். ஆவி என்று எதுவும் தோன்றாத இக்கதையில், இறந்துபோன ஒரு கலை உயிருள்ளவர்களின் உடம்பில் இறங்கி ஆடுகிறது. முழவுக் கலைஞரின் பேரன் எழுதிய உண்மையான ஆவிக்கதை இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

1913இல் எழுதிய 'யாஷாகாயிகே' நாடகத்தில், நாளுக்கு மூன்றுமுறை மணியடித்தால் மட்டுமே மலைக்குளத்தின் நாகதேவதை ஊரை மூழ்கடிக்காமல் இருப்பாள் என்ற பழைய உடன்படிக்கையை, நாட்டுக்கதை சேகரிக்க வந்த நகரத்து அறிஞன் ஒருவன் ஏற்று மணிகாப்பவனாகிறான். வறட்சி வந்ததும் ஊரார் மழைக்காக அவன் மனைவியைப் பலியிட முனைகிறார்கள், மணி நிற்கிறது, வெள்ளம் வருகிறது. தேவதை சொல் தவறவில்லை, மனிதர்தான் தவறினர்.

1923இல் டோக்கியோவைத் தாக்கிய பெரும் நிலநடுக்கத்தின்போது தீக்கு அஞ்சி மனைவியோடு திறந்தவெளியில் இரவைக் கழித்த கியோகாவின் வீடு தப்பியது. பழைய எடோவின் எச்சங்கள் பலவும் தப்பவில்லை. இதற்குள் இளைய தலைமுறை அவரிடம் திரும்பியிருந்தது. 1925 முதல் 1927 வரை பதினைந்து தொகுதிகளாக வந்த முழுத்தொகுப்பின் பதிப்புக்குழுவில் எழுத்தாளர்களான தானிஸாகி ஜுனிசிரோவும் அகுதகாவா ரியூனோசுகேயும் இருந்தனர். 1927இல் அகுதகாவா தற்கொலை செய்துகொண்டபோது மூத்தவரான கியோகாவே இரங்கலுரை படிக்க நேர்ந்தது. 1939 செப்டம்பர் 7 அன்று அவர் மறைந்தார். நூற்றாண்டையொட்டி 1973இல் கனஸாவா நகரம் அவர் பெயரில் இலக்கியப் பரிசை நிறுவியது. பிறந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நினைவு அருங்காட்சியகம் உள்ளது.

உயிரோடிருந்தபோது அவர் காணாமலே போனது ஒன்று உண்டு. 1917இல் வெளியிட்ட 'தென்ஷு மொனொகதாரி' நாடகத்தை யாரேனும் மேடையேற்றினால் ஊதியம் வேண்டாம், தாமே பரிசும் தருவதாக அவர் கூறியதாகச் சொல்வர். ஆயினும் 1951இல்தான் அது டோக்கியோவில் அரங்கேறியது. மனிதர் ஏறத் துணியாத ஹிமேஜி கோட்டையின் உச்சித் தளத்தில் தொமிஹிமே என்ற மாய அரசி வாழ்கிறாள். அவள் தோழியர் பனித்துளியை இரையாக வைத்துத் தூண்டில் போட்டுக் கீழேயுள்ள இலையுதிர்காலப் பூக்களைப் பிடிக்கிறார்கள். காணாமற்போன பருந்தைத் தேடி மேலே வரும் இளவீரன் அவள்மேல் காதல் கொள்கிறான். அவனைத் துரோகியென்று துரத்திவரும் வீரர்கள், அத்தளத்துக்கு உயிராயிருக்கும் மரச்சிங்கத் தலையின் கண்களைக் குத்திவிட, காதலர் இருவரும் பார்வையிழக்கின்றனர். அணைத்தபடி சாவுக்குக் காத்திருக்கும் அவர்கள் முன் தோன்றுவது தெய்வமோ துறவியோ அல்லர். அந்தச் சிங்கத்தை முன்பு செதுக்கிய கிழட்டுத் தச்சர். அழவேண்டாம் என்று தேற்றி, உளியை எடுத்து, சிங்கத்தின் கண்களில் வைத்துத் தட்டுகிறார். முதலில் தொமிஹிமே கண் திறக்கிறாள், பிறகு அவன்.